கன்னத்தில் ஒரு கறை

சபாநாயகத்தின் சேகரிப்பில் அமெரிக்காவின் முதற்காலச் செப்புக்காசு ஒன்று இருந்தது. அவிழ்ந்த கூந்தலோடு ஒரு பெண்ணின் முகம் பொறித்த, காப்பிக்கொட்டை நிறத்துக் காசு. பல ஆண்டுகளுக்கு முன் அவர் மனைவி வேதவல்லி அதை ஆசையாக எடுத்துப் பார்த்தபோது, அவளது பெருவிரல் ரேகை அந்தக் கன்னத்தில் கறுப்பாகப் படிந்துவிட்டது. “ஓரத்தைப் பிடின்னு எத்தனை வாட்டி சொல்றது? காசே பாழ்!” என்று கத்தியவர், அதன்பின் அவள் கையில் எந்தக் காசையும் கொடுத்ததில்லை.

அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில், அந்த ரேகையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. பெட்டியைத் திறந்தார். காசு இல்லை.

கொல்லைப்புறத்திலிருந்து தங்கை பங்கயம் ஈரக்கையோடு வந்தாள்.

“விளக்கோட சேத்து இதையும் புளி போட்டுத் தேய்ச்சுட்டேன் அண்ணே. இந்தக் கறையைச் சொல்லிச் சொல்லித்தானே அண்ணியைக் கரிச்சுக் கொட்டுவீங்க? சுத்தமாப் போயிருச்சு பாருங்க. இனிமேயாவது அவங்க மேல குத்தம் வேணாம்.”

புதுச்செம்பாக மின்னிய அந்தக் கன்னத்தில் எதுவும் இல்லை.

“நல்லாருக்கும்மா” என்றார் சபாநாயகம். காசை ஓரத்தில் பிடித்து வாங்கிக்கொண்டார்.