தைரிய ஜாம்

"யாரு சார் இதை அமுக்குனது? மரியாதையா சொல்லுங்க!"

நர்ஸ் போட்ட சத்தத்தில் குழந்தைகள் வார்டே ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. மகளின் கட்டிலோரம் நின்றிருந்த மெக்கானிக், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப் போல மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நான்தான் சிஸ்டர். இந்த சலைன் மிஷின் கீங் கீங்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. பாப்பா இப்பத்தான் கண்ணசந்தா. அதான் அது வாயை மூடினேன்."

"சலைன் தீர்ந்துபோச்சுன்னு எங்களைக் கூப்பிடுது அது! வாயை மூடிட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்? குழாய்ல ரத்தம் ஏறி நிக்குது பாருங்க!"

மிக்சி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிரித்து மாட்டுகிறவர் அவர். மிஷினைக் கண்டால் கை சும்மா இருக்காது. 'நான் மாட்டி முடிச்சா எப்பவும் ஒரு திருகு மீதி இருக்கும்' என்று தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்வார்.

நர்ஸ் குழாயைச் சரிசெய்துவிட்டு, ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். கட்டிலில் ஏழு வயது மகள் கண் விழித்துச் சிரித்தாள். ரத்தப் புற்றுநோய் வைத்தியத்தில் முடியெல்லாம் கொட்டியதிலிருந்து அவளுக்குப் 'பட்டாணி' என்று பெயர். வைத்தவரும் அவரேதான்.

"நல்லா வாங்குனியாப்பா?"

"உங்கம்மாகிட்ட தினம் வாங்குறதுல பாதிகூட இல்ல."

"அப்பா, இன்னிக்கும் ஜாம் கசந்துச்சு."

"தைரிய ஜாம்னா சும்மாவா? தைரியம் லேசாக் கசக்கத்தான் செய்யும்."

ஊசி நாளில் காலையில் எழுந்ததும் ஒரு ஸ்பூன் ஜாம். அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரிந்த ஏற்பாடு. அம்மாவிடம்கூட மூச்சு விடக் கூடாது.

இன்று ஏழாவது ஊசி. வாரத்துக்கு ஒன்று. ஏதோ ஒரு கிருமியிலிருந்து எடுக்கிற நொதி மருந்தாம். கெட்ட அணுக்களைப் பட்டினி போட்டே கொல்லுமாம். ஆனால் சில உடம்புகள் அந்த மருந்தையே எதிரி என்று நினைத்து மல்லுக்கு நிற்கும். பக்கத்துக் கட்டில் பையனுக்கு இரண்டாவது ஊசியிலேயே அப்படி ஆனது. உடம்பெல்லாம் தடித்து, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூச்சுக்குத் திணறினான். மெக்கானிக் இரண்டு கையாலும் மகளின் கண்ணைப் பொத்தினார். தன் கண்ணைப் பொத்தக் கை மீதியில்லை. அன்று பார்த்தது இன்னும் அவருக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பையனுக்கு வேறொரு கிருமியிலிருந்து எடுத்த மருந்தாக மாற்றிவிட்டார்கள்.

"உங்க பொண்ணு குடுத்து வச்சவ அண்ணா," என்றாள் பையனின் அம்மா. "ஆறு ஊசிக்கும் ஒரு சின்ன அரிப்புகூட இல்ல."

"என் உடம்பும்மா அது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எதையும் எதிர்த்துப் பழக்கமில்ல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார், கண்ணை வாசல் மேலேயே வைத்துக்கொண்டு. மணி பதினொன்று. ஊசி இன்னும் வரவில்லை.

நர்ஸைக் கேட்டார். "டாக்டர் சொல்வாங்க." சின்ன டாக்டரைக் கேட்டார். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "பெரிய டாக்டர் பேசுவாங்க." மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்டார். "எங்களுக்குச் சீட்டு வரலையே."

"மூணு பேரும் ஒரே ஸ்கூல்ல படிச்சீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

பெரிய டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் இரண்டு காகிதங்கள்.

"உக்காருங்க. எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட் வந்திருக்கு. இந்நேரம் நோய் நல்லாக் குறைஞ்சிருக்கணும். குறையல. திரும்ப ஏறுது."

"ஆறு ஊசி போட்டோமே டாக்டர்! அவளுக்கு ஒண்ணுமே ஆகலையே!"

"அதுலதான் எனக்குச் சந்தேகம் வந்துது. ரத்தத்துல அந்த மருந்து எவ்வளவு இருக்குன்னு பார்க்கச் சொன்னேன். சுத்தமா இல்ல. போடப் போட அவ உடம்பு அதை எதிர்த்து அழிச்சிருக்கு. நாம போட்டது தண்ணி ஊசி மாதிரிதான்."

"பக்கத்துப் பையன்..."

"அவனுக்குத் தடிச்சுது, தெரிஞ்சுது, அன்னிக்கே முடிவு பண்ணி மாத்துனோம். நல்லா இருக்கான். இவளுக்கும் நாளைக்கே மாத்திடுறோம். ஆனா போன ஆறு வாரத்தை யாராலயும் திருப்பித் தர முடியாது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஒரு தடிப்பாவது வெளிய வந்திருக்கலாம்."

மெக்கானிக் ஏதோ ஜோக் சொல்லப் போகிறவரைப் போல வாயைத் திறந்து மூடினார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பையன் வீங்குனதைப் பார்த்ததுலேர்ந்து, எங்க பாப்பாவுக்கும் அப்படி ஆயிடக் கூடாதேன்னு... ஒவ்வொரு ஊசி அன்னிக்கும் காலையில இந்த அலர்ஜி மாத்திரையில ஒண்ணு பொடிச்சு, ஜாம்ல குழைச்சுக் குடுத்தேன் டாக்டர். இதனாலதானா? மறைக்காம சொல்லுங்க."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். அன்று அந்த ஆஸ்பத்திரியில் சுற்றி வளைக்காமல் அவருக்குப் பதில் சொன்னது அவர் ஒருவர்தான்.

"மருந்தை அழிச்சது இது இல்ல. அழியுதுன்னு அவ உடம்பு எங்களைக் கூப்பிட்டிருக்கும். அந்த வாயை மூடினது இதுதான்."