வெயிலில் ஓடுவது

கால்குலேட்டரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார் மாரிசாமி.

உள்ளே கடகடவென்றது. அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"காப்பிக்குத்தானுங்க மேஸ்திரி சத்தம் வேணும். இது கடகடத்தா உள்ளார என்னமோ கழண்டிருக்குதுன்னு அர்த்தம்" என்று சிரித்தார் ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் வாட்ச் கடை வைத்திருக்கும் தேவசிகாமணி. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறு இரண்டை எடுத்து வைத்தார்.

எஸ்டேட் களத்தில் காப்பி காயவைப்பதுதான் மாரிசாமியின் வேலை. காய்ந்த பழம் குலுக்கினால் கடகடக்க வேண்டும். அந்தப் பழக்கம் எதைத் தொட்டாலும் கூடவே வருகிறது, என்ன செய்ய.

கால்குலேட்டர் மகள் கலாவதிக்கு. மெட்ராசில் எம்.பி.ஏ. படிக்கிறாள். வெறும் கூட்டல் கழித்தல் போதாதாம், அசல், வட்டி, தவணை என்று தனித்தனிப் பொத்தான் வைத்ததாக வேண்டுமாம்.

மெட்ராசில் இருக்கும் பெண்ணுக்கு மெட்ராசிலிருந்து சரக்கை வரவழைத்து ஏற்காட்டில் வாங்குவானேன் என்று யாரும் கேட்கலாம். தேவசிகாமணியே கேட்டார். பரீட்சைக்கு முந்தின லீவு முழுக்க அவள் இங்கே வீட்டில்தான் படிக்கப்போகிறாள் என்று மாரிசாமி போன மாதம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

ஜன்னலோரம் மேசைகூடப் போட்டாகிவிட்டது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் இருமினால் அவருக்குத்தான் கேட்கும். மகள் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுகிற சத்தம் ஒரு மாதத்துக்குக் கேட்டால் போதும், வேறு ஆசை இல்லை.

காலையில் எஸ்டேட் ஆபீசுக்குக் கலாவதி போன் செய்திருந்தாள். பேசி முடித்த கையோடு மாரிசாமி பஸ் ஏறி வந்துவிட்டார்.

"இது வெயில்ல ஓடுமுங்க. பேட்டரியே வேண்டாம். பொத்தானைப் பாருங்க, எழுத்து தேயவே தேயாது. வேலைப்பாடு இதுலதான் நொம்ப சுத்தம்."

மாரிசாமி அதை வாங்கி வாசல் பக்கம் நீட்டிப் பிடித்தார். ஐப்பசி மாதம். எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மூடியிருந்தது பனி. எண்கள் மங்கலாக வந்து, விரல் நிழல் பட்டதும் காணாமல் போயின.

வெயிலையாவது, நம்புவதாவது. பரப்பின காப்பியை அள்ளி மூடியே தேய்ந்த கை இது. அவர் பேட்டரி போட்ட மற்றதையே எடுத்தார். பொத்தான்கள் கொஞ்சம் கடினம்தான். ஆனால் ஜன்னலோரம் எத்தனை இருட்டினாலும் எண் தெரியும்.

தேவசிகாமணி அதைத் தாளில் சுற்றி நூல் கட்டினார்.

"பாப்பா என்னைக்கு வருதுங்க?"

மாரிசாமி முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைப் பிரிச்சுருங்க. வெயில்ல ஓடுறதையே குடுத்துருங்க" என்றார். "மெட்ராஸ்ல வெயிலுக்கு என்னங்க பஞ்சம்."

காலையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லியாயிற்று.

தேவசிகாமணி முடிச்சை அவிழ்த்துவிட்டு, பார்சல் அனுப்பத் தோதாக ஓர் அட்டைப்பெட்டியைத் தேட ஆரம்பித்தார்.