கழுகின் எடை

"தூக்கட்டா?" என்று மேலேயிருந்து கேட்டேன்.

"தூக்கு" என்றான் தம்பி, கீழே மேடையில் கழுகு வேஷத்தில் நின்றுகொண்டு.

ஆறு வருஷமாக எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு. இதுவும் அரங்கத்தின் சட்டம். ஆளைக் கயிற்றில் தூக்குவதற்கு முன்னால் மேலே நிற்பவன் கேட்க வேண்டும், கீழே நிற்பவன் பதில் சொல்ல வேண்டும். கேட்காமல் தூக்கினால் என் வேலை போய்விடும். அதனால் கேட்கிறேன். மற்றபடி அவனோடு எனக்கென்ன பேச்சு?

வீட்டு விஷயமென்றால் அம்மாதான் தபால்காரர். தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

அது குழந்தைகள் நாடகம். கழுகு மூன்று நிமிடம் பறக்கும், வசனம் கிடையாது. அவன் வாயை மூடிக்கொண்டு நடிக்கிற ஒரே நாடகம் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

என் வேலை மேடைக்கு மேலே நாற்பதடி உயரத்தில், இரும்புப் பாலத்தில். கயிற்றின் ஒரு முனையில் ஆள் தொங்குவான். கப்பிக்கு அந்தப் பக்கம், மறு முனையில், அவன் எடைக்குச் சரியாக இரும்புக் கட்டிகள் தொங்கும். ஒரு கட்டி இரண்டு கிலோ. இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் ஒரு கையால் தூக்கிவிடலாம். கட்டி கூடிவிட்டால் கழுகு கூரையில் போய் முட்டும். அதற்காகத்தான் கதவு திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு அடி தூக்கிப் பார்க்கிறோம்.

ஆகவே அவன் எடை அவன் பெண்டாட்டியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உச்சந்தலையில் வழுக்கை விழுந்ததையும் முதலில் பார்த்தது நான்தான். சொல்லவில்லை. பேச்சில்லையே.

போன மாசம் அவன் எடை குறைய ஆரம்பித்தது. ஒரு கட்டியை எடுத்தேன். பத்து நாளில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மேலே எதையும் உதிரியாக வைக்கக் கூடாது என்பதால் மூன்றையும் கீழே ஏணியடியில் கொண்டுபோய் வைத்தேன். கழுகுக்குத் தொப்பை தெரிகிறது என்று டைரக்டர் ஒருமுறை கிண்டல் செய்திருந்தார். சரி, துரை டயட்டில் இருக்கிறார்போல என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரம் எடை திரும்ப ஏறியது. முந்தாநாள் இரண்டு கிலோ, நேற்று இரண்டு கிலோ. அப்பாடா என்று இருந்தது. இவனுக்காக நான் எதற்கு அப்பாடா சொல்ல வேண்டும் என்று என் மேலேயே எரிச்சலும் வந்தது.

கழற்றிய கட்டிகளைத் திரும்ப மாட்டலாமென்று ஏணியடியில் தேடினால் காணோம். முட்டுக்கொடுக்க எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று தச்சரைப் பிடித்துத் திட்டினேன். அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நம்பவில்லை. ஸ்டோரிலிருந்து வேறு கட்டி வாங்கி மாட்டினேன்.

இன்றும் இரண்டு கிலோ கூடுதல். பழைய அறுபத்தெட்டுக்கே வந்துவிட்டான்.

ஆனால் கால் தரையைவிட்டு எழும்பியதும் அவனைக் கட்டியிருந்த இடுப்புப் பட்டை வழுக்கிக்கொண்டு நெஞ்சுவரை ஏறியது. உடை தைக்கும் அக்கா ஓடிவந்து இழுத்து இறுக்கினாள். கடைசி ஓட்டையிலும் நிற்கவில்லை.

எடை ஏறுகிறது, இடுப்பு இளைக்கிறது. முப்பது வருஷ சர்வீஸில் இப்படியொரு உடம்பை நான் பார்த்ததில்லை.

மெதுவாக இறக்கினேன். அவன் கால் தரையில் பட்டபோது கழுகின் வாலுக்குள் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது.

என் இரும்பின் சத்தம் எனக்குத் தெரியாதா? தச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு பகல் காட்சி. நான் மேலே இருந்தேன். ஆஸ்பத்திரியில் அப்பா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அதைச் சொல்ல வந்த தம்பி இதே ஏணியடியில் இரண்டு மணி நேரம் நின்றான். காட்சி முடிந்து நான் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தான். உயரத்தில் நிற்கிறவனிடம் மனசு கலங்குகிற விஷயத்தைச் சொல்லக் கூடாதாம், கை நழுவிவிடுமாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. அன்றோடு பேச்சை விட்டேன்.

அவன் செய்தது சரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா?

அக்கா பட்டைக்குள் துணியைத் திணித்து எப்படியோ இறுக்கிவிட்டு விலகினாள். மேடை மேனேஜர் இன்னொரு தடவை தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் கேட்க வேண்டியது ஒரே வார்த்தை.

கயிற்றைப் பூட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"உனக்கு என்னடா ஆச்சு?"

மேடையில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தம்பி அண்ணாந்து பார்த்தான். ஆறு வருஷம் கழித்து அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். கழுகின் அலகுக்குக் கீழே கன்னமே இல்லை. பாவி, இப்படியா இளைத்திருப்பான்!

அவன் கை வால் பக்கம் போனது. பிறகு, மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல் திரும்பி வந்தது.

"நீ முதல்ல கீழ இறங்கி வாண்ணா" என்றான்.

கொக்கியைக் கழற்றிவிட்டு, இறக்கையை மடக்கிக்கொண்டு, ஏணியடியில் போய் நின்றான்.