அண்ணனின் பத்தியம்

உடம்பு மெலிய ஐந்தருவிவரை நடப்பதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய ஆவுடையப்பன், மேலகரத்துப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் சால்னா ஊற்றினார். "மெலியணும்னு சொன்னீயளே அண்ணாச்சி?"

"நாக்கு கேக்க மாட்டேங்குதே."

அலைபேசியில் தம்பி இசக்கிமணி அழைத்தான். "அண்ணே, நாளைக்கு எடை பாக்காவளே, கொறைஞ்சிருக்கா?"

"எங்கலே கொறையுது? பச்சத் தண்ணி குடிச்சாலும் சதை போடுதே."

"சரி, விடுண்ணே. எனக்காவப் பட்டினி கெடந்து உடம்பக் கெடுத்துக்கிடாத."

ஆவுடையப்பனின் வாய் மெல்வதை நிறுத்தியது. அவர் மெலிந்தால்தான் அவருடைய கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டித் தம்பிக்குப் பொருத்த முடியுமென்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்றார் கடைக்காரர்.

ஆவுடையப்பன் நிமிராமலே சரியென்று தலையசைத்தார். பசி எப்போதோ அடங்கிவிட்டது. கத்தியின் மேலிருந்த பயந்தான் அடங்கவில்லை.