அறிக்கையில் பெய்த மழை

‘எதிர்பாராத கனமழை காரணமாக’ என்று நான் அடித்துக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் அண்ணன் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

முந்தின நாள் பெய்தது தூறல். குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற தூறல். மேனேஜர் வாயைத் திறந்ததும் அது கனமழையாகிவிட்டது.

எங்கள் தொழிற்சாலையின் அறிக்கைகளை எட்டு வருடமாக நான்தான் எழுதுகிறேன். இப்படிப்பட்ட மழையெல்லாம் எனக்குப் பழக்கம்.

ரசாயனத் தொட்டியைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் உண்டு. உள்ளே மழைநீர் தேங்கினால் அடியிலிருக்கும் வால்வைத் திறந்து வாய்க்காலில் விடுவார்கள். வடிந்ததும் மூட வேண்டும். மறந்துவிடாமலிருக்க, திறந்தவர் தன் ஸ்கூட்டர் சாவியை வால்வின் சக்கரத்தில் மாட்டி வைப்பார். சாவியில்லாமல் எப்படி வீட்டுக்குப் போவது? எந்த விதியிலும் இல்லாத வழக்கம், இத்தனை வருடத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை.

நேற்று வால்வைத் திறந்தது அண்ணன்தான். ஆனால் அவருடைய ஸ்கூட்டர் பஞ்சர். அவருடைய மச்சான் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்; சாவி சக்கரத்திலேயே தொங்கியது.

விடியும்போது தொட்டி கசிந்தது. அது புதிதல்ல, சுவர் கட்டியதே அதற்காகத்தான். ஆனால் திறந்து கிடந்த வால்வு வழியாக அத்தனையும் வாய்க்காலுக்குப் போய், ஆற்றில் கலந்துவிட்டது. அந்த ரசாயனத்துக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் குழாயைத் திறந்தால் வருவது அந்தத் தண்ணீர்தான்.

அண்ணன் திரையை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார்.

“நான் மூட மறந்துட்டேன்னே எழுதுங்க மேடம். மழைன்னு போட்டா கலங்கல்தானேன்னு வடிகட்டிக் குடிச்சிருவாங்க. விஷம்னு தெரிஞ்சாத்தான் தொடாம இருப்பாங்க.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலை போய்விடும், போலீஸ் கேஸ் ஆகும், பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவருடைய நல்லதுக்காகத்தான் நான் சொல்வதுபோல.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, உங்கள் வீட்டு ஆட்கள் யாராவது அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

‘பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை’ என்று முடித்து மேனேஜருக்கு அனுப்பினேன்.

நான் அண்ணனிடம் சொன்னது பொய்யல்ல. என் அக்கா வீடு ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. காலை ஆறரைக்கு செக்யூரிட்டி போனில் விஷயத்தைச் சொன்னதும் நான் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். குழாயைத் தொடாதே, பிள்ளைகளுக்குக் கேன் தண்ணீர் வாங்கு என்றேன்.

அக்கம்பக்கத்தில் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம், எப்படியும் அறிக்கை வரும், பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.