ஆலோசகர் கிளம்பவில்லை

"சார், கிளம்பலாமா?"

செந்தூர்பாண்டி இதைக் கேட்பது எத்தனையாவது முறை என்று அவனுக்கே மறந்துபோயிருந்தது.

"இருப்பா. அந்த எள்ளுத் துவையல் இன்னும் கொஞ்சம் வருது" என்றார் நமச்சிவாயம்.

சென்னையிலிருந்து வந்தவர். மாநில அரசின் மூத்த எரிசக்திக் கொள்கை ஆலோசகர். விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, சீவலப்பேரிக்கு அடுத்த அந்தச் சின்ன ஊருக்கு வந்திருந்தார். பார்த்தது கொஞ்ச நேரம்தான். அப்புறம் அந்த ஊரில் நெல் போட்டிருந்த முத்துராணியின் வீட்டில் உளுந்தஞ்சோறு என்றார்கள். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

செந்தூர்பாண்டி அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளன். அவனுக்கு வயிறு எரிந்தது.

பெரிய அதிகாரி ஒரு ஊரில் கால் வைத்தால், கிளம்புகிற வரைக்கும் அங்கே கரண்ட் போகக்கூடாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கிற வழக்கம். மற்ற நாளில் மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் இந்த ஊரை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். இன்றைக்கோ காலையிலிருந்து ஒரு மோட்டாரும் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

இங்கே கொடுத்தால் வேறெங்கோ நிறுத்தித்தானே ஆகவேண்டும்? நிறுத்திய பக்கத்தில்தான் செந்தூர்பாண்டியின் வீடும் இருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"மாவு பாதி ஆட்டுனதோட கிரைண்டர் நின்னுட்டு. கரண்ட் ஆபீசுல வேலை பாக்குத மனுசன் வீட்டுலயே கரண்ட் இல்லைன்னு தெருவுல எல்லாரும் சிரிக்காவ. எப்ப வரும்?"

"ஒருத்தர் சாப்பிட்டு முடிக்கணும்."

"சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"வந்து சொல்லுதேன், போனை வை."

நமச்சிவாயம் எழுந்திருக்கப் போகும்போதெல்லாம் முத்துராணி எதையாவது கொண்டுவந்து வைத்தாள்.

"அய்யா, பாயசம் குடிக்காமப் போனா எனக்கு மனசு கேக்காது."

சொல்லும்போதே அவள் கண் வாசலைத் தாண்டி வயல் பக்கம் போய்வந்தது. பிசானப் பருவத்து நெல் பால் பிடிக்கிற நேரம். கால்வாய் வறண்டு கிடந்தது. இன்றைக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் கதிரெல்லாம் பதர்தான்.

செந்தூர்பாண்டிக்குச் சட்டென்று புரிந்தது. அடிப்பாவி! இவளுக்கும் அந்த வழக்கம் தெரிந்திருக்கிறது. ஆளைச் சோற்றாலேயே கட்டிப் போட்டுவிட்டாள்.

அடுக்களைப் பக்கம் போய் அவளை மடக்கினான்.

"நீங்க செய்யது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கியளா?"

"என்ன செஞ்சேன்? விருந்தாளிக்குச் சோறு போடுதேன். அது ஒரு குத்தமா?"

ஆலோசகரிடமே உண்மையைப் போட்டு உடைக்கலாம் என்றால், அதற்கும் வழியில்லை. காலையில்தான் அவர், "இங்க கரண்ட் தடையில்லாம வருதா?" என்று கேட்டார். "தடைன்னா என்னன்னே இந்த ஊருக்குத் தெரியாது சார்" என்று இவன் வாய் கூசாமல் சொல்லியிருந்தான். இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வது?

வேறு வழியில் முயன்று பார்த்தான்.

"சார், உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு டிரைவர் சொன்னாரே. பாயசம் வேண்டாமே."

"சர்க்கரை இருக்கு. மாத்திரையும் இருக்கு. நீ கவலைப்படாதே."

பாயசம் உள்ளே போனது. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். குறட்டை மோட்டார் சத்தத்தோடு போட்டி போட்டது. எழுந்ததும் கருப்பட்டிக் காப்பி. அதன்பிறகு பணியாரம்.

'மூத்த ஆலோசகராம்! சரியான சாப்பாட்டு ராமன். இவ்வளவு படிச்ச மனுசனை ஒரு பொம்பளை அகப்பையைக் காட்டி ஏமாத்திட்டாளே' என்று செந்தூர்பாண்டி மனசுக்குள் பொருமினான். கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது.

பொழுது சாயும்போது முத்துராணியின் புருஷன் முழங்கால் வரைக்கும் சேறோடு வாசலில் வந்து நின்றான். தலையை மட்டும் ஆட்டினான்.

நமச்சிவாயம் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு எழுந்தார். "கிளம்பலாமா?" என்று இந்த முறை அவர் கேட்டார்.

கார் ஊரைத் தாண்டியதும் செந்தூர்பாண்டி வன்னியராஜுக்கு ஒரு மிஸ்டு கால் விட்டான். துணை மின்நிலையத்தில் இதற்காகவே காத்திருந்தவன் அவன். பின்னால் மோட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

நமச்சிவாயம் கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்டார்.

"நின்னுடுச்சு, இல்ல?"

செந்தூர்பாண்டி போனைச் சட்டைப்பைக்குள் திணித்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மன்னிச்சிருங்க சார். நீங்க இருக்கது வரைக்கும் கரண்ட் போகாதுன்னு தெரிஞ்சுதான் அந்த அம்மா உங்களை விடாமப் பிடிச்சு வச்சிருந்தா. உங்களை நல்லா ஏமாத்திட்டா."

நமச்சிவாயம் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"அந்தம்மாவுக்கு அது ஒண்ணும் தெரியாதுப்பா. காலையில நீ போன் பேசப் போனப்ப, வயலைக் காட்டி அழுதாங்க. 'தண்ணி ஏறுற வரைக்கும் என்னை எழுந்திருக்க விடாதீங்க'ன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

செந்தூர்பாண்டி அவர் பக்கமாகத் திரும்பினான்.

"நான் வெறும் ஆலோசகன். உத்தரவு போட முடியாது. அறிக்கை எழுதலாம். அது மேசை மேசையா ஏறி இறங்குறதுக்குள்ள அறுப்பே முடிஞ்சிடும். எனக்கு இருக்கிற ஒரே அதிகாரம், ஒரு இடத்துல உக்கார்றதுதான்."

ஏப்பம் விட்டுக்கொண்டு சீட்டில் சாய்ந்தார்.

"அது கிடக்கட்டும். நாளைக்கு எந்த ஊர் வயல் காயுது? அங்க காலையிலயே இலை போடச் சொல்லிடு."