யுவ கேசரிக்கு வயது நாற்பத்திரண்டு

"பூகம்பம், கப்பல் கவுந்தது எல்லாத்தையும் கீழ தள்ளுங்க மேடம். எங்க யுவ கேசரி பொறந்ததுதான் மேல வரணும்."

நீலாம்பிகா தலை நிமிரவில்லை. ஹுப்ளியின் அந்த நாளிதழில் 'சரித்திரத்தில் இன்று' பகுதியை முப்பத்தொரு வருடமாகத் தொகுத்து வருபவள் அவள். எந்த ராஜா எந்தத் தேதியில் மண்டையைப் போட்டான், எந்த நடிகை எப்போது பிறந்தாள் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. பூகம்பத்தின் தலைமேல் ஏறி உட்காரத் துடித்த பிரபலங்களையும் நிறையப் பார்த்தாயிற்று.

"பூகம்பத்துல ஊரே அழிஞ்சுதுப்பா. உங்க ஆள் பொறந்ததுல யாருக்கு என்ன சேதம்?"

எதிரே நின்ற பக்கீரேஷுக்கு முகம் சுண்டியது. 'யுவ கேசரி', அதாவது இளம் சிங்கம், என்று பட்டம் சூட்டிக்கொண்ட நடிகர் விராஜின் ரசிகர் மன்றத் தலைவன் அவன். சட்டையில் விராஜ், கடிகாரத்தில் விராஜ், புஜத்தில் பச்சை குத்தியிருந்ததும் விராஜ்தான்.

"கிண்டல் வேணாம் மேடம். நாளைக்கு ஜூன் ஒண்ணு. பாஸுக்கு நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு கிலோ கேக், நாற்பத்திரண்டு அடி கட்அவுட், அதுக்கு ஊத்த நாற்பத்திரண்டு குடம் பால், எல்லாம் ரெடி. உங்க பேப்பர்லயும் 'நாற்பத்திரண்டாவது பிறந்தநாள்'னு வந்தா, பெரிசு பண்ணி மேடையில மாட்டிருவோம்."

"ஜூன் ஒண்ணா? அப்ப வரிசையில நிக்கச் சொல்லு." அவள் நாளைய பட்டியலைத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டு மந்திரி, ஒரு மல்யுத்தக்காரர், ஒரு மடாதிபதி, இன்னும் பத்தொன்பது பேர். பள்ளிக்கூடம் திறக்கிற நாள்ப்பா அது. புள்ளை எந்தத் தேதியில பொறந்துச்சுன்னு அப்பனுக்குத் தெரியாது. ஹெட்மாஸ்டர் ஜூன் ஒண்ணுன்னு எழுதித் தள்ளிருவார். பாதி கர்நாடகம் அவர் மேஜை மேலதான் பொறந்துச்சு."

"அதெல்லாம் அப்பா அம்மா இருக்கறவங்க கதை. பாஸ் அநாதை. ரயில்வே ஸ்டேஷன்ல படுத்துத் தூங்கி, தன்னந்தனியா மேல வந்தவர். டிவியில அழுதுகிட்டே சொன்னாரே, பார்க்கலையா?"

"பார்த்தேன். படத்துல ஒரு தடவையாவது அப்படி அழுதிருந்தா விருது கிடைச்சிருக்கும்."

சொல்லும்போதே அவளுக்கு வாய் கசந்தது. பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்தா பாரு, தேதியைப் போடறேன். கடைசி வரியில. நாற்பத்திரண்டுன்னு போட மாட்டேன்."

"ஏன்?"

"அவர் முதல் படம் வந்து முப்பத்து மூணு வருஷம் ஆச்சு. அதுல மீசையை முறுக்கிக்கிட்டு இன்ஸ்பெக்டரா வந்தார். ஒன்பது வயசுப் பையனுக்கு யாருப்பா போலீஸ்ல வேலை குடுத்தது?"

பக்கீரேஷ் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தான். கணக்கு ஒத்துவராததால் கோபம் வந்துவிட்டது.

"நாளைக்கு அந்த வரி வரலைன்னா உங்க பேப்பரை ஆபீஸ் வாசல்லயே கொளுத்துவோம்!"

சத்தம் கேட்டு ஆசிரியர் தேசாய் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நீலாம்பிகாவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு வரிம்மா. எழுதிட்டுப் போங்களேன். இன்னிக்கு உங்களுக்கு சர்வீஸ்ல கடைசி நாள். ரெண்டு வருஷ நீட்டிப்புக் கடிதம் என் மேஜையில இருக்கு, கையெழுத்துதான் பாக்கி. பேப்பரைக் கொளுத்தினா முதலாளி என்னைத்தான் உலுக்குவார்."

அவளுக்கு அந்த நீட்டிப்பு வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனின் மருந்து அவள் சம்பளத்தில்தான் வருகிறது. அது தேசாய்க்கும் தெரியும். தெரிந்துகொண்டே நேரம் பார்த்து அதை எடுத்துப்போட்ட அற்பத்தனத்தைக் கண்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சே ஒரு பொய்யை நான் அச்சுக்கு அனுப்பினதில்லை சார். அதைக் கடைசி நாள்ல ஆரம்பிக்க மாட்டேன். கடிதத்தை நீங்களே வெச்சுக்கோங்க."

"பொய்யா?" பக்கீரேஷ் மேஜையைத் தட்டினான். "பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் பிரசவம் பார்த்தீங்களா?"

"அதுக்கு வாய்ப்பே இல்லை."

"இருங்க, இப்பவே பாஸ்கிட்ட பேசறேன். அப்புறம் தெரியும் சேதி." அவன் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தான். "பாஸ், பக்கீரேஷ் பேசறேன். இங்க பேப்பர் ஆபீஸ்ல ஒரு பொம்பளை, உங்க வயசைப் போட மாட்டேன்னு அடம் பிடிக்குது."

"யாருடா அது?" யுவ கேசரி கர்ஜித்தது. பக்கம் வடிவமைப்பவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "ஏதாவது கிழடா இருக்கும். எடிட்டர்கிட்ட சொல்லி வேலையை விட்டுத் தூக்கு. நான் யாருன்னு அவளுக்குத் தெரியுமா, கேளு!"

தேசாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பக்கீரேஷ் வெற்றிச் சிரிப்புடன் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"நல்லாத் தெரியும், ஹனுமண்ணா," என்றாள் நீலாம்பிகா. "உன் கூடப்பொறந்த தங்கச்சி நீலா பேசறேன். நாளைக்கு எனக்கு ஐம்பத்தெட்டு முடியுது. உனக்கு எத்தனைன்னு நீயே சொல்லு, போட்டுடறேன்."